என் 8 வயது மகளை லெவல் 4-லிருந்து எக்ஸெல் கோல்டுக்கு மாற்றச் சொல்கிறார் கோச். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸில் இது பின்னடைவா?

பின்னடைவு இல்லை. இதே கேள்வியால் இரண்டு வருடம் முன்னால் நானும் தூக்கம் கெட்டுக் கிடந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் இந்த விளையாட்டை நடத்தும் அமைப்பான யுஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸில் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு பாதைகள். ஒன்று டெவலப்மென்ட் புரோகிராம். பழைய பெயர் ஜூனியர் ஒலிம்பிக். மொத்தம் 10 லெவல், அதற்கு மேலே எலைட் என்கிற உச்சப் படி. 5 வரை கம்பல்சரி: ஒரு லெவலில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் நாடு முழுக்க ஒரே ரொட்டீன்தான் (வித்தைகளின் வரிசை) செய்ய வேண்டும், ஃப்ளோருக்கு, அதாவது தரைப் பயிற்சிக்கு, இசைகூட ஒன்றேதான். 6-லிருந்துதான் சொந்த ரொட்டீன். இன்னொரு பாதை எக்ஸெல். அதன் படிகள் கீழிருந்து மேலாக: ப்ரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு, பிளாட்டினம், டயமண்ட், 2022-ல் சேர்ந்த சபையர். ஒவ்வொரு படிக்கும் என்னென்ன வகை வித்தை வேண்டும் என்று மட்டும் விதி இருக்கும். அதற்குள் பிள்ளைக்கு வருவதை வைத்துக் கோச் ரொட்டீன் கட்டலாம்.

என் மகள் மாட்டிக்கொண்டது கிப் என்கிற வித்தையில். பார் எனப்படும் கம்பியில் தொங்கி முன்னால் வீசிப் போய், கால்விரலை பாருக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கை நீட்டி மேலே எழ வேண்டும். பேண்ட்டை இழுத்துப் போடுகிற மாதிரி பாரைக் காலோடு இழு என்பார் கோச். லெவல் 4 பாரில் முதல் வித்தையே அதுதான். ஏழு மாதம் வரவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து, பிடி வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பொடி பட்டு எரியும். ராத்திரி அந்தக் கையோடு சாதம் பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்பாள். தரையில் அவ்வளவு அழகாகச் செய்கிற பிள்ளை, இந்த ஒன்றுக்காக மொத்தத்தையும் விட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

கோல்டில் கிப் கட்டாயமில்லை. மாறினோம். வாரம் 12 மணி நேரப் பயிற்சி 6 ஆனது. தனக்கென்று ஒரு இசை கிடைத்ததில் அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அடுத்த வருடம் கிப் தானாகவே வந்தது.

இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். கல்லூரி அணிகள் பெரும்பாலும் லெவல் 10 பிள்ளைகளைத்தான் தேடுகின்றன. அந்த ஆசை உங்கள் மகளுக்கே இருந்தால், திரும்பி வருவதற்கு என்ன வழி என்று கோச்சிடம் இப்போதே பேசுங்கள். லெவல்களில் மேலே ஏறத் தகுதி மதிப்பெண் உண்டு. கோல்டில் வாங்கும் 37-ஐ லெவல் 4-ல் வாங்கிய 35-ஓடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள், விதிகளே வேறு.

இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: உங்கள் ஜிம்மில் எக்ஸெல் எந்தப் படி வரை நடக்கிறது? எங்கள் பழைய ஜிம் கோல்டோடு நிறுத்திவிட்டது. அது எனக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. இப்போது பிளாட்டினத்துக்காக வாரம் மூன்று நாள், போக மட்டும் 40 நிமிடம் கார் ஓட்டுகிறேன்.