எட்டாவது சுழற்றும் அப்பாவின் பின் நம்பரும்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு எந்நேரமும் ஃபோனில் துப்பாக்கி விளையாட்டுதான். இரண்டு மாதத்தில் அவன் அப்பாவின் கணக்கிலிருந்து 80, 240, 400 என்று துண்டு துண்டாக 6,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. பின் நம்பர் அவனுக்குத் தெரியும். சாப்பிடக் கூப்பிட்டால் "அஞ்சு நிமிஷம்" என்கிறான். வைஃபையை அணைத்தால் கதவை உதைக்கிறான். ஃபோனை உடைத்துப் போட்டுவிடலாமா? ஆன்லைன் கேமை அரசு தடை செய்துவிட்டதாகச் சொன்னார்களே, இது மட்டும் எப்படி ஓடுகிறது? "என் கேம் ஐடியை வித்தா 5,000 கிடைக்கும், திருப்பித் தந்துடறேன்" என்று வேறு சொல்கிறான். நம்பலாமா?
— ஒரு தாய், விருதுநகர்

பதில்: கடிதம் முழுக்க மகன் மேல் புகார். "பின் நம்பர் அவனுக்குத் தெரியும்" என்பதை மட்டும் போகிறபோக்கில் நாலே சொல்லில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். பீரோ சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பையனைத் திட்டுவதில் பயன் இல்லை. முதலில் உங்கள் வீட்டுக்காரரை உட்கார வையுங்கள். யூபிஐ பின்னை மாற்றட்டும். அவர் ஃபோனில் மகனுடைய கைரேகை பதிவாகியிருந்தால் நீக்கட்டும். ஆட்டோபே என்ற பகுதியில் யார் யாருக்கு மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்திருக்கிறது என்று பார்க்கட்டும். பிறகு மகன் கையில் இருக்கும் ஃபோனில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள படத்தைத் தொட்டு, செட்டிங்ஸுக்குள் போய், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்கள். அந்தக் கணக்கில் சேமித்து வைத்த கார்டு, யூபிஐ எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து ஒரு கணக்கு பார்க்க வேண்டும். பிளே ஸ்டோரிலேயே இதுவரை வாங்கியவற்றின் பட்டியல் இருக்கும். அதையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்டேட்மென்ட்டில் உள்ள, ஆனால் பட்டியலில் இல்லாத, உங்களுக்குக் காரணம் தெரியாத தொகை ஏதும் இருந்தால், அது வெளியாள் யாருக்கோ போயிருக்கலாம். "பாதி விலைக்கு டைமண்ட்" (விளையாட்டுக்குள் செல்லும் காசு) என்று டெலிகிராமிலும் இன்ஸ்டாவிலும் கூவுகிறவர்கள் உண்டு. பணத்தோடு ஐடி, பாஸ்வேர்டையும் கேட்பார்கள். அப்படி ஏமாந்திருந்தால் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு ஃபோன் செய்யுங்கள். பிளே ஸ்டோர் வழியே போன பணத்தைத் திருப்பிக் கேட்க, வாங்கிய 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு என்றால் விளையாட்டுக் கம்பெனியிடம்தான் எழுதிக் கேட்க வேண்டும். அதிகம் நம்பிக்கை வைக்காதீர்கள்.

80, 240, 400 என்ற தொகைகள் எங்கிருந்து வந்தன? விளையாட்டின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் இந்தத் தொகைகள் ஃப்ரீ ஃபயரில் பல காலமாக இருந்த விலைப்பட்டியலோடு ஒத்துப்போகின்றன. 80 ரூபாய்க்கு 100 டைமண்ட், 240-க்கு 310, 400-க்கு 520, 800-க்கு 1,060. ரூபாயை டைமண்டாக மாற்றியதும் விலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அங்கே ஒரு சக்கரம் வரும். பத்துப் பொருளில் வேண்டாத இரண்டை நீயே நீக்கிக்கொள் என்று தாராளமாகச் சொல்லும். மீதி எட்டில் ஒன்றுதான் பையன் ஏங்கும் துப்பாக்கி ஸ்கின் (துப்பாக்கிக்குப் போடும் அலங்கார உறை), மற்றவை பெரும்பாலும் குப்பை. முதல் சுழற்று 9 டைமண்ட்தான், அதாவது ஏழு ரூபாய் சொச்சம். அடுத்தது 19, பிறகு 39, 69, 99, 149, 199. எட்டாவது 499. விழுந்த பொருள் மறுபடி விழாது என்பதால் எட்டாவதில் கட்டாயம் கிடைத்துவிடும். ஏழு சுழற்றுக்கு 583 டைமண்ட் கொட்டியவன் எட்டாவதை விட்டுவிட்டு எழுந்து வருவானா? எட்டையும் கூட்டினால் 1,082. 800 ரூபாய் பொட்டலத்தில் இருப்பது 1,060. இருபத்திரண்டு குறைகிறது! அதற்காக இன்னொரு 80 ரூபாய். மிஞ்சும் 78 டைமண்ட் அடுத்த சக்கரத்துக்குத் தூண்டில். இந்தக் கூட்டலை ஒரு தாளில் மகனையே போடச் சொல்லுங்கள். அறிவுரை சொன்னால் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வான். கணக்கில் தான் ஏமாந்தது தெரிந்தால் பதினாலு வயசுக்காரனுக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் நல்லது.

இனி "அஞ்சு நிமிஷம்". அவன் சொல்வது பெரும்பாலும் உண்மை. ஐம்பது பேர் குதித்து ஒருவர் மிஞ்சும் ஃப்ரீ ஃபயர் மேட்ச் பத்துப் பதினைந்து நிமிடம். நூறு பேர் இறங்கும் பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்தியப் பதிப்பு) மேட்ச் அரை மணி நேரம் வரை போகும். நடுவில் நிறுத்திவைக்க முடியாது. வைஃபையை நீங்கள் அணைக்கும் அந்த நொடியில் அவனுடைய ரேங்க் பாயிண்ட் போகிறது. ஸ்க்வாடில் கூட ஆடும் மூன்று பேர் நட்டாற்றில் நிற்கிறார்கள். மறுநாள் வகுப்பில் "பாதியில ஓடிட்டான்" என்ற பேச்சு வருகிறது. கதவை உதைத்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேரம் ஆட்டத்தின் நடுவில் பலகையைக் கவிழ்த்தால் நீங்களும் சும்மா இருக்க மாட்டீர்கள். ஆகவே மணிக்கணக்கு வேண்டாம், மேட்ச் கணக்கு வையுங்கள். பள்ளி நாளில் மூன்று மேட்ச், அதுவும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால். கூப்பிட வேண்டிய நேரம், ஒரு மேட்ச் முடிந்து லாபிக்கு, அதாவது அடுத்த மேட்சுக்குக் காத்திருக்கும் திரைக்கு, வரும்போது. அப்போது "இன்னும் ஒண்ணு" என்றால் அங்கே கண்டிப்பாக இருங்கள். சீசன் முடியும் வாரத்தில் ரேங்க் புஷ், அதாவது ரேங்கை ஏற்ற வேண்டும் என்று கூடுதலாகக் கேட்பான். அந்தத் தேதியை முன்கூட்டியே கேட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள். பரீட்சையோடு மோதினால் இப்போதே பேசிவிடலாம்.

பூட்டு விஷயத்தில் ஒரு தவறு எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஃபோனிலேயே இருக்கும் டிஜிட்டல் வெல்பீயிங் டைமரை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள். அந்த டைமரை ஃபோன் யார் கையில் இருக்கிறதோ அவரே எடுத்துவிடலாம், பையனுக்குப் பத்து விநாடி போதும். உங்கள் ஃபோனிலிருந்து கட்டுப்படுத்த வேண்டுமானால் ஃபேமிலி லிங்க் என்ற கூகுள் ஆப்பைப் போடுங்கள். அவனுடைய கூகுள் கணக்கை இணைக்கும்போது அவனும் பக்கத்தில் இருந்து சம்மதம் தட்ட வேண்டியிருக்கும். அதனால் திருட்டுத்தனமாகச் செய்ய வழியில்லை, பேசித்தான் ஆக வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஃபோன் பூட்டிக்கொள்ளும்படி செய்து, சார்ஜரை ஹாலுக்குக் கொண்டுவாருங்கள். உறக்கம் திரும்பினாலே பாதிச் சண்டை குறையும்.

ஃபோனை உடைப்பதா? ஐடி ஃபோனுக்குள் இல்லை, கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. சாயங்காலமே நண்பன் ஃபோனில் லாகின் செய்வான், உங்களுக்குத் தெரியாமல். புது ஃபோனும் நீங்களே வாங்கித் தர வேண்டிவரும், டியூஷன் நோட்ஸ் வாட்ஸ்அப்பில் வருகிறதே!

அரசுத் தடையைப் பற்றி: 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடுப்பது, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களை. ரம்மி, போக்கர் வகையறா. உங்கள் மகன் கட்டும் பணத்துக்குப் பணம் திரும்புவதில்லை, ஸ்கின்தான் வருகிறது. அதனால் அது அந்த வலையில் விழாது. இதே போன்ற குலுக்கல் பெட்டிகளை பெல்ஜியம் 2018-லேயே சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடையில் போனது, 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் போனது. ஃப்ரீ ஃபயர் போனதற்குப் பிள்ளைகள் பெரிதாக அழவில்லை. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் திறந்தே இருந்தது, அதே ஐடி அதிலும் வேலை செய்தது. பிஜிஎம்ஐ-யில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் என்று வரம்பு உண்டு. அதைத் தாண்ட, வயதைக் கூட்டிப் போட்டு, அப்பாவின் ஃபோனுக்கு வரும் ஓடிபி-யைத் தட்டிவிட்டால் போதும். மறுபடியும் அப்பா!

"அடிக்ட்" என்ற சொல்லைக் கடிதத்தில் நீங்கள் எழுதாதது எனக்குப் பிடித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்கு இடம் உண்டு. ஆனால் நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே முக்கியமாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது இவை சாதாரணமாக ஓராண்டு நீடித்தால்தான் அந்தப் பெயர். மணிக்கணக்கை எண்ணுவதை விட, என்னென்ன நின்றுபோனது என்று எண்ணுங்கள்: குளியல், சாப்பாடு, பள்ளி, தெருவில் பந்தாட்டம். வரிசையாக நின்றுகொண்டே வந்தால் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ், இலவசம், தமிழிலும் பேசுவார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு இருக்கிறது.

ஐடி விற்பனைக்குச் சம்மதிக்காதீர்கள். விளையாட்டுக் கம்பெனியின் விதிக்கு விரோதம் என்பது ஒரு பக்கம். ஐடியை வாங்கிக்கொண்டு பணம் தராமல் மறைகிறவர்கள் ஏராளம். அதைவிட முக்கியம், அந்த ஐடி எந்த மெயிலில் தொடங்கியது என்று பாருங்கள். அப்பாவின் ஜிமெயிலில் தொடங்கியிருந்தால், 5,000 ரூபாய்க்கு வாங்குகிறவன் கைக்கு அதன் பாஸ்வேர்டும் சேர்ந்தே போகும்.