பழைய டின்னும் பாட்டிலும் போதும்: அடுக்களைக் கேள்வி பதில்

அதிகம் செலவழிக்காமல், வீட்டில் சும்மா கிடக்கும் பொருள்களை வைத்தே சமையலறையை ஒழுங்கு செய்வது எப்படி என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். யாருடைய கேள்வியாவது விட்டுப்போயிருந்தால் மறுபடி கேளுங்கள்.

கேள்வி: அக்கா, சென்னையில் வாடகை வீடு. சமையலறை ஆறடிக்கு எட்டடி. கடப்பைக்கல் அலமாரி ரொம்ப ஆழம், பின்னால் போன டப்பா கண்ணிலேயே படுவதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் டப்பா தேட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியில் இருப்பது எல்லாவற்றையும் கூடத்தில் இறக்கிப் பரப்புங்கள். தினமும் எடுப்பது, வாரத்துக்கு ஒரு தடவை எடுப்பது, தீபாவளி பொங்கலுக்கு மட்டும் எடுப்பது என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். முறுக்கு அச்சும் பணியாரக்கல்லும் கைக்கு எட்டும் தட்டில் உட்கார்ந்துகொண்டு, துவரம்பருப்பு மேல்தட்டில் இருக்கும். பாதி வீடுகளில் இதுதான் நிலைமை. தினமும் எடுப்பது இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கட்டும். வாரச் சாமான் கீழே, பண்டிகைச் சாமான் பரணில். இதைச் செய்தாலே இருக்கிற டப்பாக்களில் பல மிச்சமாகிவிடும்.

அப்புறம்தான் அந்த ஆழம். இதற்கு 15 கிலோ எண்ணெய் டின்னை மிஞ்சிய பொருள் இல்லை. பஜ்ஜிக் கடையிலோ ஹோட்டலிலோ கேட்டால் காலி டின் பழைய சாமான் விலைக்குக் கொடுப்பார்கள். பக்கத்தில் இருக்கும் தகரப் பட்டறையில் அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் சொல்லுங்கள். ஒரு டின்னுக்கு இரண்டு தட்டு கிடைக்கும், ஒவ்வொன்றும் ஓர் அடிக்குச் சற்று அதிக நீளம். வெட்டின விளிம்பை உள்பக்கமாக மடித்து, சுத்தியால் தட்டி நசுக்கித் தர வேண்டும். இதைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள். மடிக்காத தகரம் கையைக் கிழித்துவிடும். விரலை விளிம்பில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, எங்கும் உறுத்தவில்லை என்றால்தான் காசு கொடுங்கள். முன்பக்கம் ஓர் ஓட்டை போட்டுப் பழைய நாடாவைக் கோத்தால் பிடித்து இழுக்கலாம். டப்பாக்களை இதற்குள் வரிசையாக நிறுத்தி அலமாரிக்குள் தள்ளிவிடுங்கள். பின்னால் இருப்பது வேண்டுமென்றால் தட்டையே வெளியே இழுத்தால் போதும்.

தகரம் கல்லில் உரசிச் சத்தம் போடும். அடியில் பழைய சைக்கிள் டியூபை இரண்டு பட்டையாக வெட்டி ஒட்டினால் சத்தமும் இருக்காது, துருவும் கல்லில் இறங்காது. டின்னை முதலில் கொதிநீரும் சோப்புத்தூளும் ஊற்றி ஊறவைத்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைக்க மறக்க வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் எறும்பு வரும்.

தட்டு இழுக்க வசதி இல்லாத இடத்தில், பின்வரிசையில் இரண்டு செங்கல்லை வைத்து அதன் மேல் ஒரு பலகை போடுங்கள். பின்னால் உள்ள பாட்டில் முன்னால் உள்ளதன் தலைக்கு மேல் தெரியும்.

கேள்வி: ஹார்லிக்ஸ், காபித்தூள், ஊறுகாய் பாட்டில் நிறையச் சேர்ந்திருக்கிறது. லேபிள் பசை போகமாட்டேன் என்கிறது. ஊறுகாய் வாசனையும் போகவில்லை. – ஈரோடு

லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிட்டு, மிச்சப் பசை மேல் தேங்காய் எண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்துத் தடவி அரைமணி நேரம் விடுங்கள். அப்புறம் தேங்காய் நாரால் தேய்த்தால் திரண்டு வந்துவிடும்.

வாசனை கண்ணாடியில் நிற்பதில்லை, மூடியில்தான் நிற்கிறது. மூடியின் உள்பக்கம் வட்டமாக ஓர் அட்டை அல்லது ரப்பர் இருக்கும். ஊசியால் நெம்பி அதை எடுத்துவிட்டு, மூடியை நாலைந்து நாள் நல்ல வெயிலில் போடுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் அந்தப் பாட்டிலைப் பூண்டுக்கோ பெருங்காயத்துக்கோ வைத்துக்கொள்ளுங்கள். ஏலக்காய்க்கு வேண்டாம்.

தகர மூடி உள்ள பாட்டிலில் உப்பும் புளியும் வைக்காதீர்கள், மூடி சீக்கிரம் துருப்பிடிக்கும். உப்புக்குப் பீங்கான் ஜாடிதான், அல்லது பிளாஸ்டிக் மூடி போட்ட கண்ணாடி.

கேள்வி: பிளாஸ்டிக் டப்பாக்களை மறுபடி உபயோகிக்கலாமா? ஒருவர் கூடாது என்கிறார், இன்னொருவர் பரவாயில்லை என்கிறார். பெயிண்ட் பக்கெட்டில் அரிசி கொட்டி வைத்திருக்கிறோம்.

பெயிண்ட் பக்கெட்டில் இருக்கும் அரிசியை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். எவ்வளவு கழுவினாலும் அது உணவுக்காகச் செய்த பக்கெட் இல்லை. அதில் கறிவேப்பிலைச் செடி வையுங்கள், துடைக்கும் துணி போடுங்கள். பினாயில், ஆசிட், பூச்சிமருந்து, சலவைத் திரவம் இருந்த எந்த டப்பாவும் உணவுப் பக்கம் வரவே கூடாது.

உணவு வந்த டப்பாவாக இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2, 5 என்றிருந்தால் மளிகை வைக்கலாம். ஐஸ்கிரீம் டப்பா, பார்சல் சாப்பாட்டு டப்பாக்களில் பெரும்பாலும் 5 இருக்கும். தண்ணீர் பாட்டிலிலும் பல எண்ணெய் கேன்களிலும் 1 இருக்கும். இது சூட்டில் நெளிந்துவிடும். உலர்ந்த பருப்பு, கடுகு வைக்கலாம். சூடான எதையும் ஊற்றக் கூடாது, வெயிலிலும் வைக்கக் கூடாது. 3, 6, 7 என்றிருந்தால் மளிகைக்கு வேண்டாம். உள்பக்கம் கீறி வெளுத்துப்போனது எந்த எண்ணாக இருந்தாலும் பழைய பிளாஸ்டிக்காரரிடம் போகட்டும். கீறலுக்குள் அழுக்கு தங்கும், கழுவினால் வராது.

5 லிட்டர் எண்ணெய் கேனைச் சாய்வாக வெட்டினால், கைப்பிடியோடு அரிசி அள்ளும் கரண்டி கிடைக்கும். உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்து மழுங்கச் செய்துகொள்ளுங்கள். மிச்சம் இருக்கும் அடிப்பகுதி சிங்குக்குக் கீழே ஸ்க்ரப்பர், சோப்பு வைக்க ஆகும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். குளிர்பான பாட்டிலிலும் தண்ணீர் பாட்டிலிலும் ஆசிட், மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றி வைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குழந்தைக்கு அது ஜூஸ் பாட்டில்தான். இருட்டில் தாகத்தோடு வரும் பெரியவர்களுக்கும் அப்படித்தான். அந்தத் திரவம் எந்தப் பாட்டிலில் வந்ததோ அதிலேயே, குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: வீட்டுக்காரர் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கரண்டி, தோசைத்திருப்பி, வடிகட்டி எல்லாம் எங்கே மாட்டுவது? – மதுரை

ஜன்னல் கம்பி இருக்கிறதே! பழுதாகிப்போன டேபிள் ஃபேனின் முன்பக்க வலையைக் கழற்றி, சுத்தமாகத் தேய்த்து, ஜன்னல் கம்பியோடு இரண்டு இடத்தில் கட்டுங்கள். கொக்கிக்குக் காசு வேண்டாம். சைக்கிள் கடையில் பழைய ஸ்போக்ஸ் கம்பி கிடைக்கும், அதைக் குறடால் இருபக்கமும் வளைத்தால் போதும். முனையை நன்றாக உள்ளே சுருட்டிவிடுங்கள், நீட்டிக்கொண்டிருந்தால் கண்ணில் குத்தும். ஈரக் கரண்டியைக் கழுவின கையோடு மாட்டினால் காற்றில் தானே காய்ந்துவிடும். ஒரு நிபந்தனை: அந்த ஜன்னல் அடுப்புக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. தாளிப்புப் புகையும் எண்ணெயும் வலையில் படிந்துவிடும், தீ பக்கத்தில் கை நீட்ட வேண்டியும் வரும்.

ஜன்னல் தோதாக இல்லை என்றால், மூடி தொலைந்த தூக்குவாளியில் கரண்டிகளை நிறுத்திவையுங்கள். கனமான கரண்டி சாய்த்துவிடாமல் இருக்க அடியில் இரண்டு கை கூழாங்கல்லைக் கழுவிப் போடுங்கள்.

கேள்வி: செருப்புப் பெட்டி, அட்டைப்பெட்டிகளில் மளிகைப் பாக்கெட்டுகளை அடுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. இப்போது கரப்பான் பூச்சி. ரவையில் வண்டு வேறு.

அட்டை அடுக்களைக்கு ஆகாது. ஈரத்தை இழுக்கும், அதன் மடிப்புக்குள் கரப்பான் முட்டை வைக்கும். பழைய பெட்டிகளைத் துணி அலமாரிக்குக் கொண்டுபோங்கள். தட்டில் விரிக்க, மாதக் காலண்டரின் வழவழப்பான தாள் நல்லது, துடைத்தால் சுத்தமாகும். செய்தித்தாளை மூடிய பாட்டிலுக்கு அடியில் விரிக்கலாம், ஆனால் உணவு அதில் நேரடியாகப் படக் கூடாது. அச்சு மையைக் காரணம் காட்டி உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 விதிமுறைகளில் இதைத் தடையே செய்திருக்கிறது. வடை, பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றி எடுப்பதும் இதில் சேரும்.

வண்டுக்கு வருகிறேன். பல வீடுகளில், பழைய ரவை கால் டப்பா இருக்கும்போதே அதன் மேல் புது ரவையைக் கொட்டிவிடுகிறோம். அடியில் இருப்பது மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது, வண்டு அதில்தான் பெருகுகிறது. பழையதைக் கிண்ணத்தில் கொட்டி, டப்பாவைக் கழுவிக் காயவைத்து, புதியதை அடியில் போட்டுப் பழையதை மேலே போடுங்கள். ரவையை வறுத்து ஆறவைத்தே வையுங்கள். பருப்பில் நாலு காய்ந்த மிளகாய், அரிசியில் நிழலில் காய்ந்த வேப்பிலை. ஃப்ரீசரில் இடம் இருந்தால், வாங்கின பாக்கெட்டை மூன்று நான்கு நாள் அதற்குள் வைத்து எடுத்துவிட்டு டப்பாவில் கொட்டலாம், முட்டை இருந்தாலும் செத்துவிடும்.

கேள்வி: வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் வைக்கிறேன், சீக்கிரம் அழுகுகிறது.

பிரித்துவிடுங்கள். வெங்காயத்துக்குக் காற்று வேண்டும், உருளைக்கு இருட்டு வேண்டும். வெளிச்சம் பட்டால் உருளை பச்சையாகும், அந்தப் பச்சைப் பகுதி கசக்கும், வயிற்றுக்கும் ஆகாது. உருளையைச் சாக்கிலோ பழைய துணிப்பையிலோ கீழ்த்தட்டு மூலையில் வையுங்கள்.

வெங்காயத்துக்கு உறி கட்டுங்கள். பாட்டி வீடுகளில் தயிர்ப்பானை தொங்கின அதே உறிதான். கிழிந்த பருத்திச் சேலையை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, மும்மூன்றாகப் பின்னினால் நல்ல கயிறு. நாலு கயிற்றை அடியில் முடிச்சுப் போட்டு, நடுவில் ஒரு பழைய மூங்கில் தட்டையோ ஓட்டை விழுந்த வடிதட்டையோ உட்காரவைத்து, மேலே சேர்த்துக் கட்டுங்கள். இடமும் அடைக்காது, எலியும் எட்டாது.

கேள்வி: பேச்சிலர் ரூம், நான்கு பேர். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் இருக்கிறது, ஷெல்ஃப் கிடையாது.

தம்பி, காய்கறி மார்க்கெட்டில் உடைசலான தக்காளி கிரேட் மூன்று விலைபேசி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் பக்கவாட்டில் படுக்கவைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் ஷெல்ஃப். அடுப்பை அதன் மேல் வைக்காதீர்கள், அதற்குத் தனி மேசை வேண்டும். தட்டு, டம்ளரில் நாலு பேருக்கும் ஆளுக்கொன்று எடுத்துப் பெயர் எழுதிவிட்டு, மிச்சத்தைக் கட்டி வைத்துவிடுங்கள். சிங்க் நிறைவது தானாகக் குறையும்.

கேள்வி: மாமியார் எதையும் தூக்கிப்போட விடமாட்டார். பித்தளை அண்டா, குத்துப்போணி, பெரிய பாத்திரங்கள் பரண் முழுக்க இருக்கின்றன. சண்டை இல்லாமல் எப்படி இடம் பண்ணுவது? – கும்பகோணம்

அவற்றைப் போட வேண்டாம் என்பதுதான் என் கருத்தும். அவர் புழங்கின பாத்திரம், அவருக்கு அதில் ஒரு வாழ்க்கை இருக்கிறது. அண்டாவைச் சாமான் என்று பார்க்காமல் பெட்டி என்று பாருங்கள். இப்போது அது காலியாகத்தானே பரணில் இடத்தை அடைக்கிறது? முறுக்கு அச்சு, இடியாப்பத் தட்டு, விசேஷத்துக்கு எடுக்கும் டம்ளர்கள் எல்லாவற்றையும் பழைய துண்டில் சுற்றி அதற்குள் அடுக்கி, மேலே தட்டு போட்டுச் சேலைத் துணியால் வாய்க்கட்டு கட்டிவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வெளியே கட்டுங்கள். எதை எந்த அண்டாவில் வைப்பது என்பதை அத்தையையே தீர்மானிக்கச் சொல்லுங்கள். அவர் அடுக்கினால் எது எங்கே என்று அவருக்கு எப்போதும் நினைவிருக்கும், உங்களுக்கும் அது உதவி.

கேள்வி: மஞ்சப்பை, துணிப்பை, பால் கவர் எல்லாம் குவிந்து கிடக்கிறது.

பைகளை நீளமாக மடித்துச் சுருட்டி, தலை வெட்டிய 2 லிட்டர் பாட்டிலில் செங்குத்தாக நிறுத்துங்கள். இரண்டு பை எப்போதும் கதவுக்குப் பின்னால் தொங்கட்டும், கடைக்குப் போகும்போது அங்கிருந்தால்தான் எடுப்போம். பால் கவரைக் கழுவிக் காயவைத்துப் பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் பழசிலேயே செய்துவிடலாமா? காசு கொடுத்து வாங்க வேண்டியது எதுவும் இல்லையா? மேடைக்கு அடியில் சிலிண்டரைச் சேலையால் திரை போட்டு மறைக்கலாம் என்று நினைக்கிறேன். – திருநெல்வேலி

கேஸ் விஷயத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். அடுப்புப் பக்கம் தொங்கும் துணி எதுவும் வேண்டாம், திரை உட்பட. நம் வீட்டு கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். அதனால் சிலிண்டர் இருக்கும் இடம் கீழே காற்றோட்டமாகத் திறந்திருக்க வேண்டும். மரக்கதவு போட்டிருந்தால் அதன் அடிப்பகுதியில் ஓட்டைகள் இருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டர் எப்போதும் நின்ற நிலையில், அடுப்பு அதைவிட உயரத்தில். அந்த இடத்தில் எண்ணெய் டின்னோ காகிதமோ பைகளோ அடுக்காதீர்கள்.

வாங்க வேண்டியது ரப்பர் டியூப். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், வெடிப்போ கீறலோ தெரிந்தால் உடனே. உங்கள் டியூபின் மேல் அச்சிட்டிருக்கும் வருடத்தை இன்று ராத்திரி சமையல் முடிந்ததும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். வருடம் அழிந்து போயிருந்தால் பழையது என்றே எடுத்துக்கொண்டு, கேஸ் ஏஜென்சியில் சொல்லிப் புதியது மாற்றுங்கள்.