வாசகர் கேள்வி – பதில்: திரையில் கண்ட ஊருக்குத் தனியே போகலாமா?

கேள்வி: 1965-இல் வெளிவந்த ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ திரைப்படத்தைச் சிறுவயதிலிருந்தே பலமுறை பார்த்திருக்கிறேன். அது படமாக்கப்பட்ட ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகருக்குச் சென்றுவர வேண்டும் என்பது நீண்டநாள் ஆசை. உடன் வர ஒருவருக்கும் ஆர்வமில்லை. ஒரு படத்துக்காகத் தனியாக அவ்வளவு தூரம் போவது அசட்டுத்தனமா? நேரில் பார்த்தால் ஏமாற்றமாகிவிடுமோ என்றும் தயங்குகிறேன்.
– வாசகி ஒருவர்

பதில்: அசட்டுத்தனம் ஏதுமில்லை. ஆர்வமில்லாத ஒருவரை வற்புறுத்தி அழைத்துச் செல்வதைவிடத் தனியே செல்வது எவ்வளவோ மேல். நீங்கள் ஒரு வாயிற்கதவின் எதிரே அரைமணி நேரம் நிற்க விரும்பும்போது, அவர் பத்தாவது நிமிடத்தில் உட்கார இடம் தேடத் தொடங்கிவிடுவார்.

ஏமாற்றம் பற்றிய உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. திரையில் நாம் காணும் இடம் பெரும்பாலும் எங்குமே முழுதாக இருப்பதில்லை. இந்தப் படத்தின் நாயகர் வசிக்கும் மாளிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முகப்பாகக் காட்டப்படுவது ஃப்ரோன்பர்க் மாளிகை; பின்புறம் ஏரியை நோக்கியிருக்கும் பகுதி, அங்கிருந்து சற்றுத் தள்ளியுள்ள லியோபோல்ட்ஸ்க்ரோன் ஏரிக்கரையில் எடுக்கப்பட்டது; உட்புறக் கூடமும் மாடிப்படியும் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டுடியோவில் போடப்பட்ட செட். ஆகவே “அந்த வீடு எங்கே?” என்று தேடிச் செல்பவர் சோர்ந்துபோவார், “இந்த ஷாட்டை எடுத்தபோது கேமரா எங்கே நின்றது?” என்று தேடுபவருக்கோ ஒவ்வோர் இடத்திலும் ஏதேனும் ஒன்று அகப்படும். காதலர்கள் பாடும் கண்ணாடி மண்டபத்தின் கதையும் இதுதான். அது இப்போது ஹெல்ப்ரூன் பூங்காவில் வைக்கப்பட்டிருக்கிறது, கதவைப் பூட்டியிருப்பார்கள். உள்ளே நடனமாடும் காட்சி ஸ்டுடியோவில் கட்டிய வேறொரு மண்டபத்தில் எடுக்கப்பட்டது என்பதால், பூட்டிய கதவைப் பார்த்து நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

திரையில் கண்டதற்கு மிக நெருக்கமாக இன்றும் இருப்பது, குழந்தைகள் பாடிக்கொண்டு ஓடும் மிராபெல் தோட்டம்தான். நுழைவுக் கட்டணம் கிடையாது. சுற்றுலாக் குழுக்கள் வந்து சேர்வதற்கு முன்னரே, அதிகாலையில் சென்றுவிடுங்கள். படத்தில் நாயகி இருந்த கன்னியர் மடமாக வரும் நோன்பெர்க் மடம் 8-ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டது. துறவியர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். தேவாலயத்தைப் பார்க்கலாம், வெளிவாயிலைப் படம் எடுத்துக்கொள்ளலாம். அதற்குமேல் எட்டிப் பார்ப்பது முறையன்று. திருமணக் காட்சி நிகழும் தேவாலயம், நகருக்குக் கிழக்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் மோண்ட்சீ என்ற சிற்றூரில் இருக்கிறது. தனியாகச் செல்பவர்கள் அங்கு மட்டுமாவது சுற்றுலாப் பேருந்தில் இடம்பிடித்துப் போகலாம். உடன் வருபவர்களும் அதே பாடல்களை மனப்பாடமாக அறிந்தவர்களாக இருப்பார்கள் என்பது கூடுதல் லாபம்.

தொடக்கக் காட்சியில் வரும் மலைப் புல்வெளி எல்லைக்கு அப்பால், ஜெர்மனியின் பவேரியாவில் உள்ளது. அது தனியார் நிலம். அந்தப் பக்கம் செல்வதானால் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். ஜெர்மனி தன் எல்லையில் சோதனை நடத்துவதுண்டு. மலைப்பக்கம் தனியே நடப்பதாக இருந்தால், எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதைத் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். இன்னொன்று: 1964-இல் அங்கு வெளிப்புறப் படப்பிடிப்பு நடந்தபோது, ஓயாத மழையால் படக்குழுவினர் திட்டமிட்டதைவிட அதிக நாட்கள் தங்க நேர்ந்தது. உங்கள் திட்டத்திலும் ஒரு நாளைக் காலியாக விட்டுவையுங்கள்.

கேள்வி: படங்களால் புகழ்பெற்ற இடங்களை ரசிகர்களே கெடுத்துவிடுவதாகச் சொல்கிறார்களே?

பதில்: சில இடங்களில் அது உண்மை. 2000-இல் வெளியான ‘தி பீச்’ படத்தால் உலகறிந்த தாய்லாந்தின் மாயா விரிகுடாவில், கூட்டமும் படகுகளும் பவளப்பாறைகளைச் சிதைத்ததால், 2018 ஜூனில் அது மூடப்பட்டது. சில மாதங்களுக்கென அறிவித்த அந்தத் தடை 2022 ஜனவரி வரை நீண்டது. திறந்தபின் படகுகள் விரிகுடாவுக்குள் வரத் தடை விதித்து, பின்பக்கம் இறங்கி நடந்துவரச் செய்தார்கள். இத்தகைய கட்டுப்பாடுகளை ரசிகர்கள் குறைசொல்வது எனக்கு விந்தையாகவே படுகிறது. அந்த இடம் மிஞ்சியிருப்பதே அவற்றால்தான்.

கேள்வி: புறப்படுமுன் படத்தை மறுபடி பார்க்க வேண்டுமா?

பதில்: பாருங்கள், ஆனால் ஒருமுறையாவது ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாடல் இல்லாதபோதுதான் நடிகர்களுக்குப் பின்னால் உள்ள படிக்கட்டும் சிலையும் மலைமுகடும் கண்ணில் படும். வேண்டிய காட்சிகளை நிழற்படங்களாகக் கைப்பேசியில் சேமித்துக்கொண்டால், வழி கேட்க மொழி தெரியாவிட்டாலும் படத்தை நீட்டிக் கேட்கலாம்.