டிக்கெட் யாருக்குக் கிடைக்கிறது? முன்பதிவுக் கவுன்ட்டரில் இருந்தவரிடம் சில கேள்விகள்

தென் மாவட்ட ரயில் நிலையம் ஒன்றின் முன்பதிவுக் கவுன்ட்டரில் நெடுங்காலம் அமர்ந்து ஓய்வு பெற்றவன் என்பதால், ரயில் பயணம் பற்றி வந்த கேள்விகளை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். விதிகள் ரயில்வேயுடையவை, கருத்துகள் என்னுடையவை.

கேள்வி (கோவில்பட்டி): 2025 தீபாவளிக்குச் சென்னையிலிருந்து ஊருக்கு வர, முன்பதிவு திறந்த காலை எட்டு மணிக்கே கைப்பேசியுடன் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் காத்திருப்போர் பட்டியல் என்று வந்துவிட்டது. ஏதாவது மோசடி நடக்கிறதா?

பதில்: மோசடியே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் டிக்கெட்டை விழுங்கியது பெரும்பாலும் வெறும் கணக்குதான். புதிய எல்.எச்.பி. வகைப் படுக்கைப் பெட்டி ஒன்றில் 80 இடங்கள். அவற்றிலிருந்து தட்கல், பெண்கள், மூத்தோர், இடைப்பட்ட நிலையங்கள் என்று ஒதுக்கீடுகளைக் கழித்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் ஊரே போட்டியிடுகிறது. முன்பு 120 நாள்களுக்கு முன்னால் திறந்த முன்பதிவு, 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்களாகக் குறைக்கப்பட்டது. அதனால் அக்டோபர் 17 பயணத்துக்கு ஆகஸ்ட் 18 அன்று திறந்தது. நாள் மாறியதே தவிர இடம் கூடவில்லை.

கைப்பேசி வருவதற்கு முன் எல்லோருக்கும் கிடைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். இரவு இரண்டு மணிக்கே வந்து, துண்டு போட்டு வரிசையில் இடம் பிடித்து, கொசுக்கடியில் விடிய விடியக் காத்திருந்தவர்களை நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். முதல் ஆளின் படிவத்திலிருந்த ஆறு பெயர்களையும் வயதுகளையும் தட்டி முடித்து, இரண்டாவது படிவத்தைக் கையில் வாங்கும்போதே வண்டி நிரம்பியிருக்கும். கிடைக்காது என்று சொன்னபோது அந்த மனிதர் என்னைத் திட்டாமல், படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனித் தொழிலாளி): தட்கலுக்கு ஆதார் கட்டாயம் என்கிறார்கள். என் கைப்பேசிக்கு ஓ.டி.பி. வருவதேயில்லை. தொழில்நுட்பம் எல்லாம் வசதியுள்ளவர்களுக்குத்தானா?

பதில்: 2025 ஜூலை 1 முதல் இணையவழித் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பும், ஜூலை 15 முதல் அதற்கு ஆதார் ஓ.டி.பி.யும் வந்தன. கவுன்ட்டரில் கேட்பது, பதிவு செய்யும்போது நீங்கள் தரும் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைத்தான். தட்கல் திறப்பது குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி. இரண்டிலும் முதல் அரை மணி நேரம் முகவர்கள் பதிவு செய்யக் கூடாது. தரகர்கள் பொய்ப் பெயர்களில் அள்ளிக்கொண்டு போனதை அறிந்தவன் என்ற முறையில் இது சரியான நடவடிக்கை என்றே நினைக்கிறேன்.

ஆனால் இணையத்தில் ஆதாருடன் இணைத்த எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும். ரீசார்ஜ் செய்யப் பணமில்லாமல் பழைய சிம் செயலிழந்து, புது எண் வாங்கியவருக்கு இணையத்தில் தட்கல் கிடைக்காது. எண்ணை அடிக்கடி மாற்ற நேர்வது அலைந்து பிழைப்பவர்களுக்குத்தானே? உடனடியாக ஆதார் சேவை மையத்துக்குப் போய் இப்போதைய எண்ணைச் சேர்த்துவிடுங்கள். அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை. சாதாரண முன்பதிவுக்குக் கவுன்ட்டரையே நாடுங்கள். இணையத்தில் யு.பி.ஐ. வழியாகக் கட்டினாலும், குளிர்சாதனமில்லாத வகுப்புக்கு 10 ரூபாய் வசதிக் கட்டணமும் அதற்கு வரியும் உண்டு. கவுன்ட்டரில் அது கிடையாது.

கேள்வி (சென்னை, மென்பொருள் ஊழியர்): காசு கொடுத்து வந்தே பாரத்தில் போகிறேன். அதைப் பணக்கார ரயில் என்று ஏன் குறை சொல்கிறார்கள்?

பதில்: நீங்கள் போவதில் தவறில்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் உருவான அந்த வண்டியைப் பார்த்தால் எனக்கும் பெருமைதான். 2023 செப்டம்பர் 24 அன்று எழும்பூர்–திருநெல்வேலி சேவை தொடங்கிய பிறகு, காலையில் நெல்லையில் ஏறியவர் மதியச் சாப்பாட்டு நேரம் கடந்த சற்று நேரத்தில் சென்னையில் இறங்கிவிடுகிறார். குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு தாம்பரம்–நாகர்கோவில் அந்த்யோதயா எக்ஸ்பிரஸைத் தவிர, முழுவதும் முன்பதிவில்லாப் பெட்டிகளாக எத்தனை வண்டிகள் தெற்கே ஓடுகின்றன? பண்டிகைக்கு முந்தைய இரவு தாம்பரத்தில் நின்று பாருங்கள். அவசர வழி ஜன்னலுக்குள் முதலில் துண்டு போகும், பிறகு பை, அதன் பிறகு குழந்தை. கழிப்பறைக் கதவை ஒட்டி மூட்டை மேல் உட்கார்ந்து வருபவரும் டிக்கெட் எடுத்தவர்தான்.

மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-இல் ஒழிந்தது, பலகை மட்டுமே மாறியது. 2023 டிசம்பர் இறுதியில் வந்த, குளிர்சாதனமில்லாத அம்ரித் பாரத் வண்டிகளை நான் வரவேற்கிறேன். வந்தே பாரத்துக்குக் காட்டிய வேகத்தை இதற்கும் காட்ட வேண்டும் என்பதே என் வாதம்.

கேள்வி (நாகர்கோவில், வயது 67): பெண்களுக்குப் பேருந்து இலவசம், முதியவர்களுக்கு ரயில் சலுகை ரத்து. இது என்ன நியாயம்?

பதில்: இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 2021 மே மாதம் மாநில அரசு தொடங்கியது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டுமே. இரண்டு பேருந்து மாறி வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது மாத மளிகைப் பணம். உங்கள் சலுகை ஒன்றிய அரசின் ரயில்வேயினுடையது. 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதமே வசூலாகிறது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்தார்கள். அதைக் கிழவர்களிடமிருந்துதான் ஈடுகட்ட வேண்டுமா? படுக்கை வகுப்புக்காவது திருப்பித் தரலாம் என்பது என் கருத்து.

ஒரு வசதி இன்னும் இருக்கிறது. 60 வயதான ஆணோ 45 வயதான பெண்ணோ தனியாகவோ, இப்படிப்பட்ட இருவராகவோ பதிவு செய்தால், ஒதுக்கீடு இருக்கும்வரை கீழ்ப் படுக்கை கிடைக்கும். மகன், பேரனோடு ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் அந்த ஒதுக்கீட்டை இழந்துவிடுவீர்கள்.

கேள்வி (மதுரை): ஆம்னி பேருந்துக் கட்டணத்தை அரசு ஏன் நிர்ணயிப்பதில்லை?

பதில்: அவை ஒப்பந்த ஊர்தி அனுமதியில் ஓடுகின்றன, அரசுப் பேருந்துபோல வழித்தடக் கட்டணம் அவற்றுக்குப் பொருந்தாது. ரயிலில் இடமிருந்தால் அந்தக் கட்டணம் தானாக இறங்கும்.

கேள்வி (விருதுநகர், மாணவி): காத்திருப்போர் பட்டியலில் ஒரு டிக்கெட் ஆர்.எல். என்று 12, இன்னொன்று ஜி.என். என்று 40. எதை எடுப்பது?

பதில்: பெரும்பாலும் 40-ஐ. ஜி.என். என்பது பொதுப்பட்டியல், யார் ரத்து செய்தாலும் அது நகரும். ஆர்.எல். இடைப்பட்ட நிலையங்களுக்கான சிறிய ஒதுக்கீட்டை நம்பியிருப்பதால் மெதுவாகவே நகரும். யாருக்கு இடம் என்று முடிவு செய்யும் சார்ட், முன்பு வண்டி புறப்பட நான்கு மணி நேரத்துக்கு முன்னால் தயாரானது; 2025 ஜூலையில் அது எட்டு மணி நேரமாகவும், டிசம்பரில் பத்து மணி நேரமாகவும் மாறியது. ஆகவே இரவு வண்டிக்கு நண்பகலிலேயே பார்த்துவிடுங்கள். உறுதியாகாத இணைய டிக்கெட் தானாகவே ரத்தாகிவிடும், பேருந்துக்கு ஏற்பாடு செய்ய மாலைப் பொழுது மிஞ்சும்.