இடிந்த கோட்டையில் கல்யாணம்

கேள்வி: ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கோட்டை பாதி இடிந்து கிடக்கிறதே, அங்கே எப்படிக் கச்சேரி, கல்யாணமெல்லாம் நடக்கிறது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: 13ஆம் நூற்றாண்டில் எழுந்த கோட்டை அம்மா அது. 1689, 1693 என இரண்டு முறை பிரெஞ்சுப் படை தகர்த்தது. வெடிமருந்துக் கோபுரத்தின் ஒரு பக்கம் அப்படியே பிளந்து அகழிப் பக்கம் சரிந்து கிடக்கிறது; ஆறு மீட்டருக்கு மேல் கனமான சுவர், ஒரே பாளமாக! 1764இல் இடி விழுந்து மிச்சமும் எரிந்தது. பிறகு ஊர்க்காரர்களே வீடு கட்டக் கல்லைப் பெயர்த்தார்கள். அதைத் தடுத்து நின்றவர் சார்லஸ் டி கிரெய்ம்பர்க், ஒரு பிரெஞ்சுக்காரர்! நினைத்தாலே சிலிர்க்கிறது. 1900ஐ ஒட்டி ஃபிரெடெரிக் மாளிகையை மட்டும் புதுப்பித்து, மற்றதை இடிபாடாகவே விட்டார்கள். சரியான முடிவு என்பேன். அந்த மாளிகையின் சிற்றாலயத்தில்தான் திருமணங்கள். கோடையில் திறந்த முற்றத்தில் நாடகமும் இசையும்.