கிண்டி பொறியியல் கல்லூரி தொடக்கத்தில் ‘சர்வே பள்ளி’யாக இருந்தது ஏன்?

சர்வே பள்ளி என்பது நிலம் அளக்கக் கற்றுத்தரும் பள்ளி. மனை வாங்குகிறவர் முதலில் அளப்பவரைத்தானே கூப்பிடுவார்? கிழக்கிந்தியக் கம்பெனியும் அதைத்தான் செய்தது. கைக்கு வந்த நிலத்தில் வரி வசூலிக்க அளவு வேண்டும்; அதற்கு இங்கிலாந்திலிருந்து ஆள் வரவழைத்தால் செலவு அதிகம். அதனால் கம்பெனியின் நில அளவையாளர் மைக்கேல் டாப்பிங்கின் யோசனைப்படி 1794இல், சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்தில், எட்டே மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. கல்வித் தாகமெல்லாம் இல்லை, கணக்குதான்!

பாலமும் சாலையும் கட்ட ஆள் தேவைப்பட்டபோது, 1859இல் அது பொறியியல் கல்லூரியானது. கிண்டியின் சிவப்புக் கட்டடத்துக்கு 1920இல் குடிவந்தது. 1978இல் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரி), கட்டடக்கலைப் பள்ளி ஆகியவற்றுடன் சேர்ந்து அண்ணா பல்கலைக்கழகமானது.

‘அண்ணா பல்கலைக்கழகம் 1794இல் தொடங்கியது’ என்று பலர் சொல்வது சரியல்ல. அது கல்லூரியின் வயது, பல்கலைக்கழகத்தின் வயது 1978இலிருந்துதான்.