நாற்காலியில் கிடக்கும் சட்டை

கேள்வி: எங்கள் பூனை பதின்மூன்று வயதில், நாக்குக்கு அடியில் புற்றுநோய் வந்து போன வருடம் போய்ச் சேர்ந்தது. கண்டுபிடித்து ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. இப்போது 5 மாதக் குட்டி ஒன்றை எடுத்து வந்திருக்கிறோம். தெள்ளுப்பூச்சிக்குக் கட்டும் காலராலும் டின் உணவாலும் வாய்ப் புற்றுநோய் வரும் என்று படித்தேன். எதைக் கொடுக்கலாம், எதைத் தவிர்க்கலாம்? வீட்டைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். கணவர்கூட வெளியே போய்த்தான் சிகரெட் பிடிப்பார். குட்டி அவர் செல்லம். வந்ததும் அவர் கழற்றி நாற்காலியில் போடும் சட்டையில் சுருண்டு படுத்துக்கொள்ளும், பழைய பூனை மாதிரியே.

பதில்: ‘பழைய பூனை மாதிரியே’ என்று எழுதியபோது உங்களுக்குக் கை நடுங்கவில்லையா, அம்மா?

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படித்தது 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வாக இருக்கும். காலர் கட்டிய பூனைகளுக்கு இந்த நோய் சுமார் ஐந்து மடங்கும், டின் உணவு அதிகம் தின்றவற்றுக்குச் சுமார் மூன்று மடங்கும் கூடுதலாகக் காணப்பட்டது. சிறிய ஆய்வு அது. காலர்தான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் தெள்ளுப்பூச்சிக்கு வேறு மருந்துகள் இருக்கும்போது, வாய்க்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க ஒரு பூச்சிமருந்தைக் கட்டிவைப்பானேன்? கால்நடை மருத்துவரிடம் கேட்டு வேறொன்றுக்கு மாறுங்கள். டின் உணவை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், அதையே மூன்று வேளையும் போடவும் வேண்டாம். இதற்கு மேல் இந்த இரண்டைப் பற்றியும் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இனி சட்டைக்கு வருகிறேன்.

அதே ஆய்வில், புகைப்பவர் இருந்த வீட்டுப் பூனைகளுக்கு ஆபத்து இரண்டு மடங்காகத் தெரிந்தது. ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அந்தக் கணக்கில் பலம் போதவில்லை. இத்தாலிய ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்விலும் சிகரெட் புகை ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகவே வந்தது. நிணநீர்ப் புற்றுநோய் பற்றி 2002-ல் நடந்த ஆய்வு இன்னும் அழுத்தமாகச் சொல்லியது: 5 ஆண்டோ அதற்கு மேலோ புகையுள்ள வீட்டில் இருந்த பூனைகளுக்கு ஆபத்து சுமார் மூன்று மடங்கு. உங்கள் பழைய பூனையைப் புகைதான் கொன்றது என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. அதற்காக ‘உங்கள் தப்பு ஒன்றுமில்லை’ என்று தடவிக்கொடுக்கவும் மாட்டேன்.

வெளியே நின்று பிடித்தால் புகை வெளியிலேயே நின்றுவிடுமா? சட்டையில், தலைமுடியில், விரலில் ஒட்டிக்கொண்டு உள்ளே வருகிறது. நாம் அதை மூக்கால் மோந்து முகம் சுளிப்பதோடு சரி. பூனை சட்டையில் புரண்டு எழுந்து, உட்கார்ந்து, முன்னங்காலை நக்கி, அந்தக் காலால் முகத்தைத் துடைத்து, பிறகு வயிறு, முதுகு, வால் என்று ஓர் இடம் விடாமல் நக்குகிறது. மயிரில் படிந்தது மொத்தமும் நாக்கு வழியாக வாய்க்குள் போகிறது. விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பங்கு அதற்கு இதே வேலைதான். உங்கள் பழைய பூனைக்குக் கட்டி வந்த இடம் எது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு வரும் கடிதங்களில் கணவர்மாரின் குறைகள் எப்போதும் போகிறபோக்கில் அரை வரியாகத்தான் வரும். நீங்கள் ‘வெளியே போய்த்தான்’ என்று எழுதியதில் அந்தத் ‘தான்’ யாரைக் காப்பாற்ற? டின்னின் மேல் ஒட்டியிருக்கும் பொடி எழுத்தைப் படிக்கத் தெரிந்த உங்களுக்கு, நாற்காலியில் கிடப்பதை அவரிடம் காட்ட வாய் வரவில்லை. வீட்டுக்காரரின் மனம் கோணக் கூடாது என்று இருப்பதைக் குடும்பப் பொறுப்பு என்று நினைக்கிறீர்கள். என் கணக்கில் அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. ஓர் உயிரை நாமே போய் எடுத்து வந்தால், அது கேட்காத கேள்விக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். அவருக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு; மடியில் வைத்துக் கொஞ்சத் தெரிந்தவர் அதற்கு முன் கை கழுவவும் தெரிந்துகொள்ளட்டும்.

அவர் புகையை விட்டால் எல்லாருக்கும் நல்லது, முதலில் அவருக்கு. விடும்வரை, பிடித்துவிட்டு வந்ததும் சட்டையை மாற்றி மூடிய கூடையில் போட வேண்டும், முகமும் கையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பிறகுதான் குட்டியைத் தொட வேண்டும். நாற்காலி உறையைத் துவையுங்கள். குட்டிக்கென்று ஒரு துணி விரித்து வாரம் ஒருமுறை அதையும் துவையுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே பழக்குங்கள். வாயைத் திறந்து, தாடைக்கு அடியில் நடுவில் கட்டைவிரலால் மெல்ல மேலே அழுத்தினால் நாக்கு எழும்பும், அடிப்பக்கம் தெரியும். குட்டியிலேயே பழகினால் பெரிதான பிறகு கடிக்காது. வயதான பூனைக்கு எச்சில் வடிந்தாலோ, அதில் ரத்தம் தெரிந்தாலோ, ஒரு பக்கமாகவே மென்றாலோ, பல் ஆடினாலோ ‘பல் கோளாறு’ என்று வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். இந்தக் கட்டி பெரும்பாலும் முற்றிய பிறகே கண்ணில் படுகிறது. அப்போது அறுவை செய்யவும் இடம் இருப்பதில்லை. ஆறு வாரம் என்று நீங்கள் எழுதியது அதனால்தான்.

இந்தப் பக்கத்தைக் கிழித்து அந்த நாற்காலியில் வைத்துவிட்டு நழுவிவிடாதீர்கள். எதிரே உட்கார்ந்து நீங்களே அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.